நுவரெலியா ஏரியும் ட்ரவுட் மீனும்



மலையகத்துக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவற்றைக் கணக்கெடுக்கத் தொடங்கினால் பட்டியல் நீண்டு கொண்டே போகும். கோப்பி வந்தது; அது நோய் கண்டு அழிந்ததும் சிங்கோனாவும் தேயிலையும் வந்தன. கிழங்கும் கோவாவும் லீக்ஸும் வந்தன. காற்றைத் தடுக்க யூகலிப்டஸ் மரம் வந்தது. இவற்றையெல்லாம் நட்டு வளர்க்க நம் முன்னோர் வந்தார்கள். இந்த வரிசையில், அதிகம் பேசப்படாத ஒரு மீனும் வந்தது. ட்ரவுட் என்பது அதன் பெயர்.

மீனைப் பற்றிச் சொல்ல இந்த நிகழ்ச்சியில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக் கூடும். இந்த மீன் எங்கே வாழ்கிறது, எங்கே வாழ மறுக்கிறது என்று பார்த்துக்கொண்டு போனால், நம் மலையிலிருந்து இறங்கும் தண்ணீரின் கதை முழுவதும் தெரிந்துவிடும். ஆகவேதான் இன்று இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஏரியைப் பார்ப்போம். நுவரெலியா பட்டினத்தின் நடுவே கிடக்கும் கிரெகரி ஏரி இயற்கையாக அமைந்தது அன்று. குன்றுகளின் அடிவாரத்தில் கிடந்த சதுப்பு நிலத்தை அணை கட்டி நிரப்பி உண்டாக்கியது. 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1873இல் அது உருவாயிற்று. கொழும்பு நூதனசாலையும் இவர் காலத்துப் பணிதான். அயர்லாந்துக்காரரான இவர் நாடு திரும்பிய பின்னர் 1880இல் மணந்துகொண்ட பெண்மணிதான், பிற்காலத்தில் கவிஞர் யேட்ஸுடன் சேர்ந்து டப்ளின் நகரில் ஆபி நாடக அரங்கை நிறுவிய லேடி கிரெகரி. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்த அந்தப் பெயரும் நம் ஏரியின் பெயரும் ஒரே குடும்பத்தவை.

ஏரி அமைந்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம், குளிர்ந்த நீர், காலையில் மூடுபனி. இங்கிலாந்தையும் ஸ்கொத்லாந்தையும் விட்டு வந்த துரைமாருக்கு ஊர் நினைவு வந்தது. குளிருக்குக் கணப்பு அடுப்பும், ஆடுவதற்கு கொல்ஃப் திடலும், பந்தயத்துக்குக் குதிரை மைதானமும் அமைத்துக்கொண்டவர்கள், ஓய்வு நேரத்தில் தூண்டில் வீச ஊர் மீன் ஒன்றையும் விரும்பினார்கள். 1880களின் தொடக்கத்தில் அந்த முயற்சி நடந்தது. நுவரெலியா உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் என்பவரின் பெயர் இதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பழுப்பு ட்ரவுட் இலங்கைக்கு வந்த ஆண்டு என்று பொதுவாக 1882ஐக் குறிப்பிடுவார்கள்.

மீன் எப்படிக் கப்பலேறி வந்தது? உயிர் மீனாக வரவில்லை, முட்டையாக வந்தது. ட்ரவுட் முட்டை சிறு பட்டாணி அளவு இருக்கும். கருக்கட்டிச் சில நாள் சென்றதும் முட்டையின் உள்ளே குஞ்சின் கண்கள் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் பருவத்தில் முட்டையை அசைத்தாலும் கொண்டு சென்றாலும் பெரிதாகச் சேதம் வராது. நீரின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் இருந்தால் குஞ்சு பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். குளிரைக் கூட்டினால் அந்தக் காலம் இன்னும் நீளும். ஆகவே ஈரப் பாசியில் பொதிந்து, மேலே பனிக்கட்டி வைத்து அனுப்பினால், குஞ்சைப் பொரிக்க விடாமல் தூங்க வைத்தபடியே கடல் கடத்திவிடலாம். 1864இல் 'நோர்ஃபோக்' என்ற கப்பலில் இதே முறையில்தான் ட்ரவுட் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து தஸ்மேனியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து நியூசிலாந்துக்குப் பரவின. தெற்கே அவ்வளவு தொலைவுக்குப் போன முட்டைக்கு, 1869இல் சுயஸ் கால்வாய் திறந்த பிறகு கொழும்பு எட்டாத தூரமில்லை.

கடினமான பகுதி கடலில் இருக்கவில்லை, கொழும்பிலிருந்து மேலே ஏறும் வழியில் இருந்தது. நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல்தான். அதற்கு முன் ரயில் விட்ட இடத்திலிருந்து மலைப்பாதையில் வண்டி ஏற வேண்டும். பனிக்கட்டிப் பெட்டி தானாக மலையேறாது. ஏரியின் அணை மண்ணும் தானாகக் குவியாது. வரலாற்று நூல்களில் மீனைக் கொண்டுவந்தவர் என்று துரையின் பெயர் இருக்கும். மலையகத்தில் எதை எடுத்தாலும் இந்த விடுபட்ட வரியை நாம்தான் சேர்த்து வாசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வந்த பழுப்பு ட்ரவுட் உயிர் பிழைத்தது, வளர்ந்தது; ஆனால் பெருகவில்லை. இதற்குக் காரணம் அந்த மீனின் இயல்பில் இருக்கிறது. ட்ரவுட் தேங்கிய நீரில் முட்டையிடாது. ஓடும் நீரில், பருக்கைக் கற்கள் பரந்த இடமாகப் பார்த்து, பெண் மீன் வாலால் கிளறிக் குழி பறிக்கும். அதில் முட்டையிட்டுக் கல்லால் மூடும். கற்களின் இடைவெளியில் ஓடும் குளிர்ந்த நீர்தான் முட்டைக்குச் சுவாசம். அதோடு, குளிர்காலம் வருகிறது என்ற சைகையும் அதற்கு வேண்டும். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நுவரெலியாவில் மார்கழிக்கும் வைகாசிக்கும் இடையே வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. சராசரி 16 பாகை அளவில்தான் ஆண்டு முழுதும் இருக்கும். பழுப்பு ட்ரவுட்டுக்கு இது போதாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இன்னொரு இனம் கொண்டுவரப்பட்டது. அதுதான் வானவில் ட்ரவுட். உடலின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடுவதால் அந்தப் பெயர். பசிபிக் கடலை ஒட்டிய வட அமெரிக்க ஆறுகளும் கம்சட்கா பக்கமும் அதன் தாயகம். பழுப்பு இனத்தைவிடச் சற்று இளஞ்சூட்டைத் தாங்கும். ஹோர்ட்டன் சமவெளியின் உயர்ந்த ஓடைகளில் இது தானாகவே இனம்பெருக்கி நிலைத்துவிட்டது. மற்ற இடங்களில் எல்லாம், பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து ஆண்டுதோறும் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. இந்த வேலையைக் கவனிக்கவே 1896இல் சிலோன் மீன்பிடிக் கழகம் உருவாயிற்று. நுவரெலியா ஓடை, அம்பேவெல, அக்கர ஓயா, தம்பகஸ்தலாவ ஓயா, போர்ட்ஸ்வூட் அணை என்று பல நீர்நிலைகள் ட்ரவுட் நீர் என்று பெயர் பெற்றன. 1938இல் ஃபோக் என்பவர் இலங்கையில் ட்ரவுட் வளர்ப்பைப் பற்றி 'சிலோன் விஞ்ஞான சஞ்சிகை'யில் விரிவான கட்டுரை எழுதும் அளவுக்கு அது ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருந்தது.

இந்த மீனைப் பிடிக்கும் முறையும் தனிப்பட்டது. மண்புழுவைக் கோத்துத் தக்கையை மிதக்கவிட்டுக் காத்திருக்கும் நம் ஊர்த் தூண்டில் அன்று அது. ட்ரவுட் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்றுகொண்டு, நீரோடு வரும் பூச்சிகளையும் அவற்றின் குடம்பிகளையும் பிடித்துத் தின்னும். ஆகவே சிறு கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப் பூச்சி செய்வார்கள். அதற்குப் பாரம் இல்லை; கயிற்றுக்குத்தான் பாரம். அந்தக் கயிற்றைத் தலைக்குப் பின்னே வீசி, முன்னே விரித்து, உண்மைப் பூச்சி விழுவதுபோல நீரின் மேல் மெதுவாக இறக்க வேண்டும். நிழல் விழுந்தால் மீன் ஓடிவிடும். மனிதரின் பொறுமையைக் கேட்கிற கலைதான், மறுப்பதற்கில்லை.

அந்தக் கலை யாருக்கு உரியதாக இருந்தது என்பது வேறு விஷயம். அனுமதிச் சீட்டு பெற்றவருக்கே அந்த நீரில் தூண்டில் போடும் உரிமை. ஓடையின் இக்கரையில் துரையின் பங்களா, அக்கரையில் லயம். லயத்துக்காரருக்கு ஓடை என்பது குடிக்கவும் குளிக்கவும் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆனது. பீலியில் விழும் நீர் எங்கிருந்து வருகிறது, மழைக்குக் கலங்குகிறதா, வெயிலுக்கு வற்றுகிறதா என்பதை அவர்கள்தான் நாள் தவறாமல் பார்த்து வந்தவர்கள். மீன் துரைக்கு, தண்ணீர் நமக்கு என்று பிரிந்திருந்தாலும், இரண்டும் ஒன்றையே நம்பி இருந்தன. நீர் கெட்டால் முதலில் மீன் சாகும்; அடுத்து மனிதருக்கு வயிற்றோட்டம் வரும்.

இனி, ஏரியில் விட்ட மீனின் தரம் காலப்போக்கில் ஏன் மாறுகிறது என்று பார்ப்போம். புதிதாக நீர் நிரம்பிய எந்த ஏரியிலும் முதற் சில ஆண்டுகள் மீன் கொழுத்து வளரும். மூழ்கிய நிலத்திலுள்ள இலைகுழை அழுகிச் சத்து வெளியாகும். அதை உண்டு நுண்ணுயிர்களும் பூச்சிகளும் பெருகும். அவற்றை மீன் தின்னும். அந்தச் சேமிப்பு தீர்ந்ததும் வளர்ச்சி குன்றும். நேற்று இந்த ஏரியில் இவ்வளவு பெரிய மீன் கிடைத்ததே, இன்று ஏன் இல்லை என்று உலகமெங்கும் தூண்டில்காரர் அங்கலாய்ப்பதற்கு இது ஒரு காரணம். குஞ்சை அதிகமாக விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் உண்டு. ஏரியில் உள்ள உணவு ஓர் அளவுதான். பத்துப் பேருக்கு வைத்த சோற்றை முப்பது பேருக்குப் பகிர்ந்தால் எல்லோரும் அரை வயிறாகத்தான் எழுந்திருக்க வேண்டும். தொட்டியில் தீவனம் தின்று நெருக்கத்தில் வளர்ந்த குஞ்சுக்குச் செட்டை தேய்ந்திருக்கும். இரை தேடும் பழக்கமும் குறைந்திருக்கும்.

இவையெல்லாம் எந்த ஏரிக்கும் பொதுவானவை. கிரெகரி ஏரிக்கு வந்த கேடு இதைவிட ஆழமானது. அது ஒட்சிசனைப் பற்றியது. கடல் மட்டத்தில் ஒரு லீற்றர் நீர், 10 பாகை வெப்பத்தில் சுமார் 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 20 பாகையில் அது 9 ஆகும். 30 பாகையில் ஏழரை. நீர் சூடாகச் சூடாக அதில் மூச்சுக்காற்று குறைகிறது. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தமும் குறைவாகையால் இந்தக் கணக்கில் மேலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். ட்ரவுட்டுக்கோ குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த நீர் வேண்டும். 20 பாகையைத் தாண்டினாலே அது திணறும். 25 பாகையை ஒட்டினால் பிழைப்பது கடினம். ஆகவே இந்த ஏரி தொடக்கத்திலிருந்தே ட்ரவுட்டுக்கு மிகக் குறுகிய இடைவெளியைத்தான் விட்டு வைத்திருந்தது. சிறிய மாற்றமும் தாங்காது.

மாற்றம் மெல்ல மெல்ல வந்தது. சுற்றியுள்ள சரிவுகளில் மரக்கறிச் செய்கை பெருகிற்று. கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா என்று ஆண்டுக்குப் பலமுறை மண்ணைக் கொத்தி, பசளை இட்டுப் பயிரிடும் நிலங்கள் அவை. செங்குத்தான சரிவில் கொத்திவிட்ட மண், அடுத்த மழைக்கே வாய்க்காலில் இறங்கும். வாய்க்கால் ஓடைக்கு, ஓடை ஏரிக்கு. வண்டல் முதலில் மூடுவது பருக்கைக் கற்களின் இடைவெளியை. அங்கேதான் நீர்ப்பூச்சிகளின் குடம்பிகள் வாழ்கின்றன. அதுவே மீனின் முட்டைக்கும் இடம். கல்லின் இடுக்கில் சேறு நிறைந்தால் மீனுக்கு உணவும் இல்லை, பிள்ளையும் இல்லை. இடுப்பொடியக் கிழங்கு கிண்டி வாழும் ஏழைச் செய்கையாளர் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. தேயிலை மலையிலும் செடி செத்து வெறுமையான இடங்கள் மண்ணை இழக்கின்றன. பெருகிவிட்ட பட்டினத்தின் கழிவுநீரும், ஏப்ரல் வசந்த காலத்தில் வந்து குவியும் கூட்டத்தின் கழிவும் சேர்ந்துகொள்கின்றன.

பசளையிலும் கழிவிலும் உள்ள நைதரசனும் பொசுபரசும் ஏரியில் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். நீர் பச்சையாகும். பகலில் பாசி ஒட்சிசனை வெளிவிடும். இரவில் அதுவே ஒட்சிசனை உறிஞ்சும். செத்த பாசி அடியில் அழுகும்போதும் ஒட்சிசன் செலவாகும். ஆகவே மீனுக்கு ஆபத்தான நேரம் நடுப்பகல் மட்டும் அன்று, விடியற்காலமும்தான். ஏரி நீரை ஆராய்ந்தவர்கள் பாசிப் பெருக்கத்தையும் மலக் கிருமிகளின் கலப்பையும் பதிவு செய்திருக்கிறார்கள். சில நீலப்பச்சைப் பாசிகள் மனிதருக்கும் கால்நடைக்கும் தீங்கான நஞ்சை உண்டாக்கக் கூடியவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே கொண்டுவந்து விடப்பட்ட கெண்டை இனமான கார்ப் மீன், கலங்கிய சூடான நீரையும் தாங்கும். அடிச் சேற்றைக் கிண்டி இரை தேடுவதால் கலங்கலைக் கூட்டவும் செய்யும். இன்று கிரெகரி ஏரி என்றதும் படகுச் சவாரியும் குதிரைச் சவாரியும் சோளப்பொத்தி வாசமும் நினைவுக்கு வருகின்றன. ட்ரவுட் யாருக்கும் நினைவில் இல்லை. 2010க்குப் பின் கரைகளை அழகுபடுத்தினார்கள். கரையில் நின்று நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் கரைக்கு இட்ட பொட்டு நீரைத் தெளிவாக்கிவிடுமா?

இப்படிச் சொல்வதால், ட்ரவுட் மீண்டும் எல்லா ஓடைகளிலும் வர வேண்டும் என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். கதைக்கு மறுபக்கமும் உண்டு. உயர்ந்த மலை ஓடைகளில், அருவிகளுக்கு மேலே, இயல்பான மீனினங்கள் மிகவும் குறைவு. அங்கே இறாலும் தவளையும் பூச்சியும் மீனுக்கு அஞ்சாமல் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து வந்தன. ஹோர்ட்டன் சமவெளியைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத நன்னீர் இறால் இனம் ஒன்று அங்கே இருக்கிறது. அந்த ஓடையில் பசித்த வேட்டைமீனை விட்டால் என்ன ஆகும்? உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறின் பட்டியலில் பழுப்பு ட்ரவுட், வானவில் ட்ரவுட் இரண்டுக்குமே இடமுண்டு. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமையில் சேர்ந்தது. அங்கே ட்ரவுட் பாதுகாக்க வேண்டிய செல்வமாக இருந்த காலம் போய், கண்காணிக்க வேண்டிய சுமையாகிவிட்டது. ஏரியில் வாழ முடியாத மீன் அங்கே நன்றாக வாழ்கிறது. வாழ வேண்டிய இடத்தில் இல்லை, வாழக்கூடாத இடத்தில் இருக்கிறது.

இதே கதை அக்கரையிலும் உண்டு. நீலகிரியில் 1860களிலேயே ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார்கள். பின்னர் 1909-10 அளவில் வில்சன் என்பவர் வானவில் ட்ரவுட்டை நிலைக்க வைத்தபோது, முட்டைகள் வந்த இடங்களில் ஒன்று நம் இலங்கை. ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகம் அமைந்தது. மூணாறில் தேயிலைத் தோட்டத் துரைமாரின் சங்கம் ராஜமலைப் பக்கத்தில் பொரிப்பகம் நடத்திற்று. தேயிலை எங்கெல்லாம் ஏறிற்றோ அங்கெல்லாம் இந்த மீனும் பின்னாலேயே ஏறியிருக்கிறது. நம் மக்களும் அப்படித்தான் ஏறினார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. நம் மக்கள் கோப்பிக் காலத்திலேயே, மீனுக்குப் பல பத்தாண்டுகள் முன்னதாகவே வந்தார்கள். மீனைப் பார்த்து நீ இந்த நாட்டுக்காரனா என்று யாரும் தாள் கேட்கவில்லை. மலையை உண்டாக்கியவர்களைத்தான் 1948இன் சட்டம் கேட்டது. 2003இன் சட்டம் வரும் வரை மிச்சமிருந்தவர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

சரி, இப்போது நமக்கு என்ன வேண்டும்? ஏரியில் ட்ரவுட் இருக்கிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, இருக்கக் கூடிய தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த நீர் ஏரியோடு நிற்பதில்லை. நானுஓயாவாக இறங்கி, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து, மகாவலியாகி, வடமத்திய வயல்கள் வரை போகிறது. இடையில் எத்தனை தோட்டங்கள், எத்தனை லயங்கள்!

செய்யத்தக்கவை புதியவை அல்ல. ஓடையின் இருமருங்கும் சில மீற்றர் அகலத்துக்குக் கொத்தாமல் புல்லும் மரமும் விட்டு வைத்தால், சரிவிலிருந்து வரும் மண்ணில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். சரிவுக்குக் குறுக்காகப் பாத்தி கட்டுவதும், வடிகாணில் இடைக்கிடை மண்குழி வெட்டுவதும் பழைய தோட்டங்களில் நம் பாட்டன்மார் கையால் செய்த வேலைகள். பசளையைப் பயிருக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் இட்டால் செய்கையாளரின் பணமும் மிஞ்சும். பட்டினத்துக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடையில் விழக்கூடாது. இவற்றுக்கு மேல் ஒன்று: லயத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர்கள் மாணவரை ஓடைக்கு அழைத்துச் செல்லலாம். ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் போதும். அடியில் பூச்சிக் குடம்பிகள் பலவிதமாக ஒட்டியிருந்தால் நீர் நன்று. சேறும் செம்புழுவும் மட்டும் என்றால் நீருக்கு நோய். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

துரைமார் மீனுக்காகத் தண்ணீரைக் காத்தார்கள். மீனுக்கு நீர் கலங்கக் கூடாது என்று ஓடைக்கரையைக் கவனிக்க ஆள் வைத்தவர்கள், அந்த நீரையே குடித்தவர்களுக்காக அவ்வளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இன்று துரையும் இல்லை, ஏரியில் பேர் சொல்லும்படி மீனும் இல்லை. குடிப்பவர்கள் மட்டும் அதே இடத்தில் இருக்கிறார்கள். ஆகவே தண்ணீரைக் காக்கும் பொறுப்பும், அதைக் கேட்கும் உரிமையும் இனி நம்முடையவை. நாளைக்குப் பீலிக்குக் குடத்தோடு போகிறவர்கள், நீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால், இந்த உரை பயன்பட்டது என்று மகிழ்வேன்.